20 ரூபாய் டெஃப்லான் டேப்

குளியலறைக் குழாயை மாற்றிய பிறகும் சுவரோரம் சொட்டிக்கொண்டே இருந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, "இதுக்கு பிளம்பர் எதுக்கு சார்?" என்று, குழாயின் திருகு மரையில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றும் ஒரு வெள்ளை டெஃப்லான் டேப்பை நீட்டினார். 20 ரூபாய்.

தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, மரையிலிருந்த பழைய டேப்பைச் சுரண்டி எடுத்தேன். முதல் தடவை இடப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். முடுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிட்டது. மரையின் முனை நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகார முள் போகும் பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். மறுபடி அப்படிச் சுற்றினேன், 12 சுற்று. அப்புறம் ஒரு சொட்டுகூட இல்லை.

ரொம்ப மெலிசு, வேகமாக இழுத்தால் அறுந்துவிடுகிறது. அது ஒன்றுதான் குறை. கீசர் இணைப்பின் சூட்டையும் தாங்குகிறது. இன்னும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.