ஆறு வருஷமா ஒரே ஸ்க்ரூவைத் திருகுறேன்

இங்கே சிங்கப்பூரில், செனோக்கோவில் பாய்லர் பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, நீங்க போட்டிருக்கிற அதே மாடுலேட்டிங் கன்ட்ரோலைத்தான் எங்களுக்கும் கொட்டேஷனில் எழுதியிருக்காங்க, வாங்கலாமா?" போனில் சொன்னால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன் என்று எழுதுகிறேன்.

எங்களுடையது துவாஸில் ஒரு லாண்டரி. ஹோட்டல் பெட்ஷீட்தான் பெரும்பாலும். பாய்லரின் சேஃப்டி வால்வ் 10 பார் அழுத்தத்தில் திறக்கும், வேலை நடப்பது 7 பாரை ஒட்டி. இந்த கன்ட்ரோலின் வேலை நீராவி அழுத்தத்தைப் பார்த்து பர்னர் மோட்டாரிடம் தீயைக் கூட்டு, குறை என்று சொல்வது. அணைக்கிற வேலை பக்கத்தில் இருக்கும் ஆப்பரேட்டிங் கன்ட்ரோலுடையது. அதுவும் தவறினால் ஹை லிமிட் என்கிற கடைசிக் காவல் ஸ்விட்ச் அணைக்கும்.

என் தீராத எரிச்சல் அதன் முகத்தில் இருக்கும் ஸ்கேல்தான். முள்ளை எங்கே வைத்தாலும் பாய்லரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வேறொன்று சொல்லும். முதலில் மாட்டியவர் ஸ்கேலை நம்பி, 6.2ல் முழுத் தீ இறங்க ஆரம்பித்து 7.0ல் இறங்கி முடியும்படி வைத்துவிட்டுப் போனார். கேஜில் பார்த்தால் அது 6.6 முதல் 7.4. ஆப்பரேட்டிங் கன்ட்ரோலோ 7.2லேயே அணைத்துவிடும். அதாவது தீ லோ ஃபயருக்கு, அதாவது இருப்பதிலேயே சின்னத் தீக்கு, இறங்கி முடிக்கும் முன்பே பட்டென்று அணையும். ராத்திரி ஷிப்டில் அயர்னர் மெஷின்கள் நின்று லோடு (நீராவித் தேவை) குறைந்ததும் ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை அணைந்து எரிந்ததை நானே உட்கார்ந்து எண்ணினேன், கோப்பி ஆறிப்போனது. ஒவ்வொரு தடவையும் பற்றவைக்கும் முன் ஃபேன் சூடான பாய்லருக்குள் குளிர்ந்த காற்றை ஊதித் தள்ளும். கேஸ் காசு கொடுத்து ஏற்றிய சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும், டியூபுக்கும் நல்லதல்ல.

அப்புறம் நானே வைத்தேன். மெயின் ஸ்டீம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி லோடைக் குறைத்து, தீயைக் கூட்டிக் குறைக்கும் பர்னர் மோட்டாரின் கை இறங்க ஆரம்பிக்கும்போது கேஜ் என்ன, கடைசி வரை இறங்கி நிற்கும்போது என்ன என்று பார்க்க வேண்டும். இப்போது கேஜ் கணக்கில் 6.0 வரை முழுத் தீ, 6.8ல் லோ ஃபயர். ஆப்பரேட்டிங் 7.6ல் அணைத்து 7.0ல் திரும்பப் போடும், ஹை லிமிட் 8.6. திரும்பப் போடுவதும் 6.8க்கு மேலே இருப்பதால் பற்றிக்கொண்ட தீ கொஞ்ச நேரம் லோ ஃபயரிலேயே நிற்கும், எடுத்த எடுப்பில் பாயாது. (இவை என் பாய்லரின் எண்கள் தம்பி, அப்படியே எடுத்து வைக்காதே.)

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரு முனகல் இல்லை. அழுத்தம் 6.5 பக்கம் ஊசி நட்டு வைத்தாற்போல் நிற்கும். வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷனில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

போன மாதம் மோட்டார் கை டக் டக்கென்று உதறியது, தீ மூச்சு வாங்குவதுபோல் பெரிதாகிச் சிறிதானது. மூடியைக் கழற்றினால், உள்ளே மெல்லிய கம்பிச் சுருளின் மேல் ஓடும் தொடுமுனை, எப்போதும் நிற்கும் அந்த ஒரே இடத்தில் தேய்த்துப் பளபளவென்று ஒரு தழும்பு. இத்தனை வருஷம் ஓடியதற்கு அது தப்பில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். புதிதை மாட்டினேன். கன்ட்ரோலுக்குக் கீழே வளைந்து வரும் சைஃபன் குழாயில் மறக்காமல் தண்ணீர் ஊற்றினேன், இல்லையென்றால் நீராவி நேராக உள்ளே அழுத்தத்தை உணரும் பெல்லோஸைச் சுட்டுவிடும். ஸ்கேலைப் பார்த்தேன். இந்தத் தடவை எதிர்ப் பக்கம் தப்பு! மறுபடி வால்வை மூடு, கேஜைப் பார், அரைச் சுற்று திருகு, காத்திரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆகவே தம்பி, வாங்காதே. அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வைத்த எலக்ட்ரானிக் கன்ட்ரோலரைக் கேள், நம்பரை அழுத்தினால் முடிந்தது. நானோ, விலை இறங்கியிருக்கிறதாம் என்று, ஸ்டோருக்கு இந்தப் பழைய வகையிலேயே இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.