அரிசோனா ஃபால் லீக்: ஒரே ஒரு இன்ஃபீல்டரைப் பார்க்க ஆறு தடவை போனவனின் ரிவ்யூ

நைட் ஷிஃப்ட் வேலையில் ஒரே ஒரு லாபம், வாரநாள் மதியம் நம்முடையது. அரிசோனாவின் சாண்ட்லரில் கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் விடியும்வரை நின்றுவிட்டு, நாலு மணிநேரம் தூங்கி, கண் எரிச்சலோடு போய் பேஸ்பால் மைதானத்தில் உட்காரும் ஆள் நான். இந்த அக்டோபரில் அப்படி ஆறு தடவை அரிசோனா ஃபால் லீக் ஆட்டங்களுக்குப் போனேன். ஆறு தடவையும் ஒரே பையனைப் பார்க்கத்தான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் பதினோரு பேர் சேர்ந்து ஃபேன்டஸி லீக் நடத்துகிறோம், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை எங்கள் பட்டியலில் எடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணும் விளையாட்டு. மேஜர் லீக்கை இன்னும் எட்டாத மைனர் லீக் பையன்களையும் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. என் பட்டியலில் ஒரு இடம் காலி. மாதச் சந்தா கட்டி வாங்கும் ஒரு ஸ்கவுட்டிங் (இளம் ஆட்டக்காரர்களை எடைபோடும்) அறிக்கையில் இந்தப் பையனைப் பற்றி நாலு வரி இருந்தது: வயது 21, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம்), இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் மூன்றிலும் நிற்பான், எறியும் கை 50, ஃபீல்டிங் 45, "யுடிலிட்டி" (பல இடத்தில் நிற்கும் ஆள்). அந்த 45 எனக்கு உறுத்தியது. மூன்று இடத்தில் நிறுத்துகிறார்கள், ஆனால் ஃபீல்டிங் சராசரிக்குக் கீழே என்றால் ஒன்று கோச்சுக்குப் புத்தியில்லை, இல்லை அறிக்கை எழுதியவர் நேரில் பார்க்கவில்லை. பையன் பெயரை எழுதமாட்டேன். எங்கள் லீக்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அந்த 20-80 கணக்கு புதியவர்களுக்கு: ஸ்கவுட்கள் ஒவ்வொரு திறமைக்கும் 20-லிருந்து 80 வரை மார்க் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பாஸ் மார்க் என்று நினைத்துவிடாதீர்கள், உலகத்திலேயே சிறந்த லீக்கின் சராசரி அது. 60 வாங்கினால் அந்தத் திறமையில் ஆள் பளிச்சென்று தெரிவான். 80 அபூர்வம்.

ஃபால் லீக் 1992-ல் தொடங்கியது. ஆறு அணிகள். மேஜர் லீக் கிளப்கள் முப்பதும் தங்கள் இளம் ஆட்டக்காரர்களை அனுப்பும், ஐந்து கிளப் பையன்கள் சேர்ந்து ஒரு அணி. சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் டிரெய்னிங் நடக்கும் ஸ்காட்ஸ்டேல், மெசா, சர்ப்ரைஸ் பக்கத்து மைதானங்களிலேயே ஆட்டம். 1994-ல் மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்து ஸ்காட்ஸ்டேல் அணியில் ஆடியது இங்கேதான். 2011-ல் அதே அணியில், பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான மைக் டிரவுட்டும் பிரைஸ் ஹார்ப்பரும் சேர்ந்து ஆடினார்கள். பதினோராயிரம் பேர் கொள்ளும் சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸில் வாரநாளில் சில நூறு பேர்கூடத் தேறாது. சீட் நம்பர் கிடையாது, பிடித்த இடத்தில் உட்காரலாம். காற்று நம் பக்கம் அடித்தால் ஷார்ட்ஸ்டாப்பும் இரண்டாம் பேஸ்காரனும் பேசிக்கொள்வதுகூடக் காதில் விழும். டிவியில் எந்தச் சந்தா கட்டினாலும் இது கிடைக்காது.

எங்கே உட்காருவது? ஸ்கவுட்கள் பந்தின் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடு, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கூட்டமாக இருப்பார்கள். பிட்ச்சரைப் பார்க்க அது சரி. பேஸ்களைச் சுற்றி நிற்கும் இன்ஃபீல்டரைப் பார்க்க முதல் பேஸ் பக்கம், பத்துப் பதினைந்து வரிசை மேலே போய்விடுங்கள். ஷார்ட்ஸ்டாப்பும் மூன்றாம் பேஸ்காரனும் எறியும் பந்து நம்மை நோக்கியே வரும். கையை விட்டு எப்படிக் கிளம்புகிறது, பாதி வழியில் தொங்கிவிடுகிறதா, கடைசிவரை உயிரோடு வருகிறதா என்று தெளிவாகத் தெரியும். வலது கை பேட்டரின் மார்பும் இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும், ஒரே சீட்டில் இரண்டு வேலை. ஒரே இடைஞ்சல் வெயில். அக்டோபர் முதல் வாரத்தில் மதிய ஆட்டம் என்றால் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது சாதாரணம். நிழல் விழும் பக்கமும் நமக்கு வேண்டிய பக்கமும் ஒன்றாக அமைந்ததே இல்லை.

முதல் நாள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மகளைப் பார்க்க வந்திருந்தார். இருபது வருஷம் லீக் கிரிக்கெட்டில் அம்பயராக நின்றவர், பேஸ்பால் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. மூன்றாவது இன்னிங்ஸ் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மாப்ள, நீங்க சொன்ன பையன் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குட்டிக் குதி குதிக்கறான், பாத்தீங்களா?"

"எல்லாரும் குதிப்பாங்க மாமா. அது வழக்கம்."

"இல்லீங்க. அந்தப் பக்கத்துப் பையன் அடிச்ச பொறகு குதிக்கறான். இவனுக்குப் பந்து மட்டைகிட்ட வர்றப்பவே ரெண்டு காலும் தரையில பட்டுருது."

அடுத்த இரண்டு இன்னிங்ஸ் நான் பந்தையே பார்க்கவில்லை, அவன் காலை மட்டும் பார்த்தேன். மாமா சொன்னது அப்படியே சரி. பந்து பேட்டரை எட்டும் கணத்தில் இரண்டு பாதமும் தரையில், எடை முன்பாதத்தில். பந்து எந்தப் பக்கம் போனாலும் முதல் அடி உடனே கிளம்பும். அரை அடி தூரத்தில் தவறும் பந்துக்கும் பிடிபடும் பந்துக்கும் நடுவில் இருப்பது இந்தக் குதிதான். டிவி கேமரா அந்த நேரத்தில் பிட்ச்சரையும் பேட்டரையும் காட்டிக்கொண்டிருக்கும். அறிக்கை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?

ஆறு நாளில் அவன் இரண்டு நாள் இரண்டாம் பேஸ், இரண்டு நாள் மூன்றாம் பேஸ், ஒரு நாள் ஷார்ட்ஸ்டாப். மீதி ஒரு நாள் பேட்டிங் மட்டும். அன்றைக்குப் பெட்ரோல் தண்டம். ஐந்து கிளப்களின் பையன்களுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் யார் எந்த நாள் எந்த இடத்தில் என்று முன்னாடி தெரியாது. இந்த லீக்கில் ஒருவனையே துரத்துபவர்கள் இதற்குத் தயாராகப் போக வேண்டும்.

இரண்டாம் பேஸில்தான் அவன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. டபுள் ப்ளே, அதாவது ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்குவது. ஷார்ட்ஸ்டாப் போட்ட பந்து சரியாக மார்புக்கு வந்தது. முதல் பேஸிலிருந்து ஓடி வந்தவன் சறுக்கத் தொடங்கிவிட்டான். பையன் இடது காலால் பேஸின் முன் விளிம்பைத் தட்டி, அந்த உந்தலிலேயே பின்னால் போய், வலது காலில் ஊன்றி எறிந்தான். பந்து கிளவ்வுக்குள் போன மாதிரியே தெரியவில்லை, உள்ளங்கையில் பட்டுத் திரும்பி வலது கைக்கு வந்தது. நாலு இன்னிங்ஸ் கழித்து மறுபடி டபுள் ப்ளே. இந்தத் தடவை பந்து கோணலாக வந்தது. இப்போது பின்னால் போகவில்லை, பேஸைக் கடந்து உள்ளே வந்து எறிந்தான். பாடம் பண்ணி வந்தவன் என்றால் இரண்டு தடவையும் ஒரே காலைத்தான் வைத்திருப்பான்.

2023-லிருந்து ஷிஃப்ட்டுக்கு, அதாவது பேட்டருக்குத் தகுந்தபடி ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவித்து நிறுத்துவதற்கு, தடை. இரண்டாம் பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், நாலு பேரும் இன்ஃபீல்ட் எல்லைக்குள் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் கால் மெதுவான இரண்டாம் பேஸ்காரனை வலது புல்வெளிக்குள் தள்ளி நிறுத்தி ஒப்பேற்றிவிடலாம். இப்போது முடியாது. அதனால் இந்தப் பையனின் முதல் அடிக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் இல்லாத விலை இன்று உண்டு.

மூன்றாம் பேஸில் கலவை. பேட்டர் வேண்டுமென்றே மெல்லத் தட்டிய பந்து ஒன்று புல்லில் சோம்பேறியாக உருண்டது. பாய்ந்து வந்து வெறும் கையில் எடுத்து, நிமிராமலே, வலது கால் தரையில் பட்ட அதே நொடியில் பக்கவாட்டில் வீசினான். அவுட். மாமா எழுந்து நின்று கைதட்டினார், பக்கத்து வரிசை ஸ்கவுட் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் நேராக வேகமாக அடித்த இரண்டு பந்துகளுக்குப் பையன் ஒரு அடி பின்வாங்கினான். ஒன்று மார்பில் பட்டு விழுந்தது. அரிசோனா வெயிலில் காய்ந்த தரையில் பந்து விர்ரென்று வரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இருந்தாலும் மூன்றாம் பேஸில் பின்வாங்கினால் பிழைப்பு நடக்காது.

ஷார்ட்ஸ்டாப் நாள்தான் அறிக்கைக்கும் எனக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பு. ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தது. வலது கை பேட்டர் அடித்து முதல் பேஸைத் தொட சராசரியாக 4.3 நொடி ஆகும், 90 அடி தூரம். அதற்குள் ஃபீல்டர் பந்தை எடுத்து முதல் பேஸ் கிளவ்வில் சேர்க்க வேண்டும். மூன்றாம் பேஸ் பக்கம் ஆழமாகப் போன பந்தைப் பேக்ஹேண்டில் எடுத்தான், ஊன்றினான், 120 அடிக்கு மேல் எறிந்தான். பந்து ஒரு தடவை தரையில் குத்தி வந்தது. என் வாட்சில் 4.4. ரன்னர் சேஃப். கை 50 என்று எழுதியது நியாயமான மார்க்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாவது இன்னிங்ஸில் வேறொன்று. அடித்தது எதிரணி கேட்சர், கனத்த ஆள், ஓட்டம் மெதுவு. பையன் பந்தைத் தவறவிட்டான், காலடியில் விழுந்தது. இந்த வயதில் பெரும்பாலோர் பதறி அள்ளி எங்கேயோ எறிவார்கள். இவன் நிதானமாகக் குனிந்து எடுத்து, காலைச் சரிசெய்துகொண்டு எறிந்தான். ஒரு அடி இடைவெளியில் அவுட். ஓடுபவன் யார் என்று பந்து அடிபடும் முன்பே அவன் தலையில் இருந்திருக்கிறது. இதை ஸ்கவுட்கள் உள்ளுக்குள் ஓடும் கடிகாரம் என்பார்கள். அறிக்கையின் 45-க்கு என் பதில் 55. தினமும் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க மாட்டான், ஆனால் அவசரத்துக்கு இரண்டு வாரம் தாங்குவான்.

அப்படித் தாங்குபவனுக்குத்தான் இப்போது தேவை. மேஜர் லீக் அணியில் 26 பேர், பிட்ச்சர்கள் 13-க்கு மேல் கூடாது. பொதுவாக எல்லோரும் 13 பிட்ச்சர்களை நிரப்பிவிடுவார்கள். மீதி 13-ல் ஒன்பது பேர் ஆட்டத்தில், ஒருவர் மாற்று கேட்சர். பெஞ்சில் மிச்சம் மூன்றே மூன்று பேர். அந்த மூவரில் ஒருவன் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கத் தெரியாதவனாக இருந்தால் மேனேஜர் தூங்க முடியாது. 2022-லிருந்து யுடிலிட்டிக்கே தனியாக கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) கொடுக்கிறார்கள். முதல் வருஷம் பிரெண்டன் டானவனும் டி.ஜே. லெமஹியூவும் வாங்கினார்கள், அடுத்த வருஷம் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கில் கொரியாவின் ஹா-சியோங் கிம். அதற்கும் முன்னால் பென் ஸோப்ரிஸ்ட், எங்கு நிறுத்தினாலும் நின்ற மனிதர், 2016 வேர்ல்ட் சீரிஸின், அதாவது மேஜர் லீக் இறுதித் தொடரின், சிறந்த ஆட்டக்காரர். ஆகவே அறிக்கையில் "யுடிலிட்டி" என்று எழுதியதைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பேட்டிங்கைப் பற்றி இங்கே ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். நல்ல பிட்ச்சர்கள் பலர் சீசன் முழுக்க எறிந்து களைத்ததால் வருவதில்லை. வறண்ட காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும். ஃபால் லீக் பேட்டிங் சராசரியைக் காட்டி என்னிடம் வாதாட வருபவர்களிடம் நான் வானிலை பேச ஆரம்பித்துவிடுவேன்.

குறைகள் இரண்டு. ஒரு மைதானத்தில் (எது என்று சொல்லப்போவதில்லை) தீனிக் கடை ஒன்றே ஒன்று திறந்திருந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஒன்றரை இன்னிங்ஸில் பையன் மூன்றாம் பேஸிலிருந்து இரண்டாம் பேஸுக்கு மாறிவிட்டான். ஸ்கோர்போர்டில் கடைசிவரை பழைய இடத்தையே போட்டிருந்தார்கள். இன்னொரு நாள் ஆட்டத்துக்கு முந்தைய இன்ஃபீல்ட் பயிற்சியைப் பார்க்கச் சீக்கிரமே போனேன், கேட் திறப்பதற்குள் அது முடிந்துவிட்டது. பல இடத்தில் நிற்பவனுக்கு அந்தப் பயிற்சிதான் உண்மையான பரீட்சை. நான் கேட் கம்பி வழியாகக் கடைசி நாலு பந்தைப் பார்த்தேன்.

ஆட்டத்துக்காகப் போகிறவர்களுக்கு, அதாவது யார் ஜெயித்தார்கள் என்பது முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு, இந்த லீக் சப்பென்று இருக்கும். ஜெயிப்பதற்காக யாரும் வந்தது மாதிரியே தெரியாது. ஆளைப் படிக்கப் போகிறவர்களுக்கு என் மார்க் 65.

என் ஃபேன்டஸி பட்டியலில் காலியாக இருந்த கடைசி இடத்தில் அவன் பெயரையே எழுதினேன். எதிர் டேபிள்காரர் அதே அறிக்கையைத் தன் ஃபோனில் எடுத்துக் காட்டி, "ஃபீல்டிங் 45 போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றார். எந்த மைதானத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மைதானமா என்றார்.