ஏற்காட்டுப் பனியில் 11 வருடம்: எந்தக் கைத்துப்பாக்கியை நம்பி இடுப்பில் வைப்பது?

தோட்டம் ஏற்காட்டில், வங்கி சேலத்தில். கூலி நாளில் பணத்தை எடுத்துக்கொண்டு அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வர வேண்டும், சில நாள் இருட்டியும் போய்விடும். அதற்காகத்தான் லைசென்ஸ் வாங்கினேன். இதுவரை யார்மீதும் நீட்டியதில்லை, நீட்டும் நாள் வரவும் வேண்டாம். காட்டெருமைக்கா என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை. அது சட்டம் காக்கும் விலங்கு, தவிர .32 அளவுத் தோட்டா அதற்குக் கோபத்தைத்தான் கிளப்பும்.

முதலில் வாங்கியது பழைய .32 பிஸ்டல். மெலிசு, சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது, பயிற்சித் தளத்தில் முதல் நாள் சுத்தமாகச் சுட்டது. இரண்டாவது மழைக்காலத்தில் தோட்டாவின் மூக்கு குழல் வாயில் முட்டி நின்றது, ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பாதியில் தொங்கியது. மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் மேல் உதடு ஒரு பக்கம் லேசாக விரிந்திருக்கிறது, நகத்தால் தடவினால்தான் தெரியும். வேறு மேகசின் போட்டேன், ஸ்பிரிங் மாற்றினேன், அப்புறமும் எப்போதாவது மாட்டியது. அந்த ‘எப்போதாவது’தான் எனக்கு உறுத்தல். விற்றுவிட்டேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் 200 தோட்டா தடையில்லாமல் சுட்டால்தான் நம்பலாம் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர்கள் காட்டும் 9 மில்லிமீட்டர் இங்கே பொதுமக்களுக்குத் தடை, நமக்குப் பெரும்பாலும் .32 தான், தோட்டாவும் லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் கிடைக்காது. கையில் இருக்கும் கொஞ்சத்தை வைத்துச் சோதிக்க வேண்டியவனுக்கு ரிவால்வர்தான் சரி என்பது என் முடிவு. அதில் தோட்டாக்கள் சிலிண்டர் என்ற சுழலும் உருளைக்குள் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்துவிட இரண்டு கையும் வேண்டும், காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்து பாருங்கள், காலி துப்பாக்கியோடு.

ரிவால்வர் எடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு. காலியாக வைத்து ட்ரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்து சிலிண்டரை ஆட்டுவேன், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். பிறகு தளத்தில் சுட்ட காலித் தோட்டாக்களின் பின்புறம். ஊசி குத்திய பள்ளம் ஆறிலும் ஒரே ஆழத்தில் நடுவில் இருக்க வேண்டும், ஆழம் குறைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடை எனக்குப் பெரிதில்லை. 2014-இல் கான்பூரில் வந்த நிர்பீக் ரிவால்வர் சுமார் 500 கிராம்தான், 2023-இல் வந்த பிரபல் ரிவால்வர் சுமார் 700 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். இலேசானது இடுப்புக்குச் சுகம், ஆனால் சுடும்போது கையில் அதிகம் உதைக்கும்.

மலையில் உண்மையான எதிரி ஈரம். ஒரு ஐப்பசி முழுவதும் தோல் உறையிலேயே வைத்துவிட்டேன். எடுத்தபோது குழலின் ஓரத்தில் மிளகு தூவியதுபோல் துருப்புள்ளிகள், தோட்டாக்களின் பித்தளையில் பச்சைப் பூப்பு, துடைத்தால் துணியில் ஒட்டியது. தோல் ஈரத்தைக் குடித்து இரும்பிலேயே வைத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து வீடு வந்ததும் உறையைக் கழற்றி, துப்பாக்கியைத் துடைத்து, பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். எண்ணெய் மெல்லிசாக இரும்புக்கு மட்டும். தோட்டாவில் பட்டால் உள்ளே கசிந்து மருந்தைக் கெடுத்துவிடும்.

தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதும் இதே சோதனை முதலிலிருந்து, சுட்டுப் பார்க்காமல் இடுப்புக்கு ஏறாது.

இடுப்பில் இருக்கும் ஆறு தோட்டாக்களையும் வருடம் ஒருமுறை தளத்தில் சுட்டுத் தீர்க்கிறேன், பழையதை மிச்சப்படுத்துவதில்லை. போன மாதம் சுட்டேன், ஆறும் வெடித்தன. இப்போது உள்ளே இருப்பவை புதுப் பெட்டித் தோட்டாக்கள்.