கேகான்ஃபிக்கில் பூட்டுவதா, பூட் ஆகும்போது விசாரிப்பதா?

எல்லாக் கணினியிலும் ஒழுங்காக ஓடும் ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்), ஏதோ ஓர் அபூர்வப் பலகையில் (மதர்போர்டில்) மட்டும், இயங்குதளத்தின் மையமான கெர்னலையே உறைய வைக்கிறது. லினக்ஸில் இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. கெர்னலைக் கட்டும்போது எதெல்லாம் சேரலாம் என்று தீர்மானிக்கும் கேகான்ஃபிக் கோப்பில், 'இன்னது இருந்தால்தான்' என்று நிபந்தனை போடும் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரி சேர்த்து, அந்த டிரைவரை பில்டுக்குள்ளேயே வரவிடாமல் தடுக்கலாம். இல்லையென்றால் உள்ளே விட்டுவிட்டு, பூட் ஆகும்போது எந்த வன்பொருள் என்று பார்த்து ஒதுங்கச் சொல்லலாம்.

கேகான்ஃபிக் தடை சில இடங்களில் தவிர்க்கவே முடியாதது. மோட்டோரோலா 68000 வகை கெர்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அமிகா, அட்டாரி, பழைய மேக் ஆகிய மூன்று கணினிகளுக்கும் ஒரே கெர்னல் போதும். சன் 3க்கு மட்டும் போதாது. அதன் நினைவக மேலாண்மை அமைப்பு சன் நிறுவனம் தனியாக வடிவமைத்தது. அதற்கென்று தனி கெர்னலே கட்ட வேண்டும். இங்கே கேகான்ஃபிக் 'இரண்டில் ஒன்று' என்று கறாராகச் சொல்வது சரிதான்.

ஆனால் அபூர்வப் பலகைக்கான ஆதரவும் அந்த டிரைவரும் ஒரே கெர்னலில் சேர்ந்து இருக்க முடியும் என்றால், அந்தப் பூட்டு ஊரையே தண்டிக்கும். ஓர் அபூர்வப் பலகைக்காக 'அது இருந்தால் இது வேண்டாம்' என்று எழுதுகிறோம். டிஸ்ட்ரோக்காரர்கள், அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடுபவர்கள், பல பலகைகளுக்கும் சேர்த்து ஒரே கெர்னல்தான் கட்டுகிறார்கள். அந்தப் பலகைக்கான விருப்பத்தை அவர்கள் இயக்கியதுமே மற்ற எல்லோருக்கும் டிரைவர் காணாமல் போய்விடும். இன்னொரு கேடும் உண்டு. 'ஆல்யெஸ்கான்ஃபிக்' சோதனையில் எல்லா விருப்பமும் இயக்கப்படுவதால், இப்படி எதிர்மறைத் தடை போட்ட டிரைவர் அங்கே கம்பைல் ஆகவே ஆகாது. யாரும் கவனிக்காமல் பழுதடையும். 'அது இருந்தால்தான் இது' என்ற நேர்மறைத் தடைக்காவது, அந்த வன்பொருள் இல்லாமலே கம்பைல் செய்து பார்க்கவிடும் 'கம்பைல் டெஸ்ட்' விருப்பம் (2013இல் வந்தது) கைகொடுக்கிறது. அப்புறம், வேறொரு விருப்பம் 'செலக்ட்' போட்டு இந்த டிரைவரை வலிய இயக்கினால் 'டிபெண்ட்ஸ் ஆன்' மதிக்கப்படாது. எச்சரிக்கை மட்டும் வரும். பூட்டு என்று நாம் நம்பியது பூட்டே இல்லை.

பூட் நேர விசாரணைக்கு நல்ல உதாரணம் ஐ8042, அதாவது பழைய பிசி விசைப்பலகைக் கட்டுப்படுத்தி. அது ஹெக்ஸ் 60, 64 போர்ட்களைத் தொடும். அங்கே எதுவுமே இல்லாத பவர்பிசி (வேறு வகைச் செயலி) பலகையில் தொட்டாலே ஆபத்து. அதனால் பவர்பிசியில் முதலில் டிவைஸ் ட்ரீயை (பலகையில் உள்ள வன்பொருளைக் கெர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியலை) பார்த்து, கட்டுப்படுத்தி இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே தொடுகிறது. வழக்கமான பிசிகளின் எக்ஸ்86இல் இதே டிரைவருக்கு டிஎம்ஐ பெயர்களை (பயாஸ் சொல்லும் தயாரிப்பாளர், மாடல் பெயர்களை) வைத்து ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும், பராமரிப்பது சுமைதான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. பாதிப்பு அந்தப் பலகையோடு நின்றுவிடுகிறது. பலகை தன்னை அடையாளம் காட்ட டிவைஸ் ட்ரீயோ டிஎம்ஐயோ வைத்திருக்கவில்லை என்றால் மட்டும் கேகான்ஃபிக் பக்கம் திரும்புவேன்.

எந்த வழியானாலும், பேட்ச் எழுதும் முன் குற்றவாளி அந்த டிரைவர்தானா என்று பாருங்கள். டிரைவர் தனியாக ஏற்றப்படும் மாட்யூல் என்றால் 'மாட்யூல் பிளாக்லிஸ்ட்', கெர்னலுக்குள்ளேயே கட்டியது என்றால் 'இனிட்கால் பிளாக்லிஸ்ட்' பூட் அளவுருவைக் கொடுத்து ஒருமுறை பூட் செய்தாலே தெரிந்துவிடும்.