குவில்ட்டுக்குள் என்ன வைப்பது: ஃபிளானலா, பேட்டிங்கா?

குவில்ட் என்றால் ரெண்டு துணிக்கு நடுவே ஒரு அடுக்கு வைத்துத் தைத்த போர்வை. இதுவரை ரெண்டு தைத்து முடித்திருக்கிறேன். முதலாவதன் உள்ளே பாலியஸ்டர் பேட்டிங், அதாவது பஞ்சு விரிப்பு; ரெண்டாவதில் ஃபிளானல் என்ற மொசுமொசுத் துணி. (பேட்டிங் என்றதும் வீட்டில் கிரிக்கெட் ஜோக் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். கடையில் 'வாடிங்' என்று கேட்டால் சட்டென்று புரியும்.) இப்போது அலமாரியிலிருந்து எடுத்துப் போர்த்துவது ரெண்டாவதைத்தான். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதகதப்பு பேட்டிங்கில்தான் அதிகம். இழைகளுக்கு நடுவே காற்று தங்குவதால் குளிர் உள்ளே வராது. தையல் போட்ட இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் புசுபுசுவென்று தெரியும் அந்த அழகும் அதற்குத்தான் உண்டு. ஃபிளானல் வைத்தால் குவில்ட் தட்டையாக, கொஞ்சம் கனத்த போர்வை மாதிரி இருக்கும். சென்னைக்கு அது போதும். ஏ.சி. ஓடும் அறையில் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாலும் வியர்க்காது.

என் முடிவை மாற்றியது துவைப்பு.

முதல் குவில்ட்டில் எட்டு இன்ச்சுக்கு ஒரு கோடு என்று தாராளமாகத் தையல் விட்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான், பேட்டிங்கைக் குறை சொல்லி லாபமில்லை. அது நெய்த துணியல்ல. இழைகளைப் பரப்பி அழுத்தியது. அதனால் தையல் நெருக்கமாகப் பிடிக்காத இடத்தில் துவைக்கத் துவைக்க நகரும். எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை உறையிலேயே போட்டிருப்பார்கள். நான் வாங்கியது சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தது, உறையே இல்லை. நாலைந்து துவைப்புக்குப் பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கட்டத்துக்குள் பஞ்சு ஓரமாய்த் திரண்டு கிடக்கிறது, பக்கத்துக் கட்டம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிறது. போதாததற்கு, கருநீலத் துணியின் மேல் நரைமுடி போல வெள்ளை இழைகள் வேறு. பிடுங்கினால் உள்ளே இருக்கும் இழையும் கூடவே வந்தது. பிடுங்கியிருக்கக் கூடாது, மேலோடு கத்தரித்து விட்டிருக்க வேண்டும்.

பருத்தி பேட்டிங் இப்படி இழை துருத்திக்கொண்டு வருவது குறைவு என்பார்கள். தோழி ஒருத்தியுடையதை ஒரே ஒரு தடவை துவைத்துக் கொடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அது கனத்த கனத்தில் கொடி தரையைத் தொட்டது. கார்த்திகை மழையில் அதைக் காயவைப்பது என்றால் வீடு முழுக்க ஈர வாடைதான். அதற்குமேல் எனக்கு அதில் அனுபவம் கிடையாது.

ஃபிளானல் நெய்த துணி. எங்கேயும் நகராது, திரளாது. பத்து இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டாலும் போட்ட இடத்தில் கிடக்கும். வீட்டு வாஷிங் மெஷினில் சாதாரணப் போர்வையோடு போடுகிறேன். மொட்டைமாடியில் ஒரு வெயிலில் காய்ந்துவிடுகிறது. யோசித்தால் இது புதுசும் இல்லை. பழைய நூல் புடவையை நாலாய் மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரித்த பாட்டிகள் எந்தப் பஞ்சையும் தேடவில்லை.

ஆனால் ஃபிளானலிலும் ஒரு வம்பு உண்டு: சுருங்கும். பத்துக்குப் பத்து இன்ச் சதுரம் ஒன்று வெட்டி, வெந்நீரில் அலசிக் காயவைத்து அளந்தேன். நீளவாக்கில் ஒன்பதரை! எண்பது இன்ச் குவில்ட்டில் அது நாலு இன்ச். துவைக்காமல் உள்ளே வைத்துத் தைத்திருந்தால் மேல்துணி முழுக்கச் சுருக்கம் விழுந்திருக்கும். அதனால் முழுத்துணியையும் முதலில் ரெண்டு தடவை துவைத்துவிட்டேன். அப்புறம் பன்னா, அதாவது துணியின் அகலம். எனக்குக் கிடைத்தது 44 இன்ச். அகலமான குவில்ட்டுக்கு ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் அந்த வரி கையில் தடிப்பாகத் தட்டும். விளிம்போடு விளிம்பு சேர்த்து ஜிக்ஜாக் போட்டேன், தெரியவில்லை. நிறம் வெள்ளையாக இருக்கட்டும். பூப்போட்ட ஃபிளானல் வெளிர்நிற மேல்துணி வழியாக நிழல் தட்டும்.

மெஷினில் ஓட்டுவதற்கு ஃபிளானல் சுகம். அதன் மொசுமொசுப்பு மற்ற ரெண்டு துணியையும் பிடித்துக்கொள்வதால் ஊக்கு குறைவாகக் குத்தினால் போதும். 14 நம்பர் ஊசி போட்டேன். பாபின் கேஸைச் சுற்றித் தூசு அப்பும், அவ்வப்போது பிரஷ்ஷால் தட்ட வேண்டும். கையால் தைப்பவர்களுக்கு பேட்டிங்தான் நல்லது. ஃபிளானலின் நெசவில் ஊசி முக்கித்தான் நுழையும். ஒரு ஓரம் கையால் தைத்துப் பார்த்தேன், விரல்நுனி புண்ணாகிவிட்டது.

ஃபிளானல் குவில்ட்டுக்கு இப்போது ரெண்டு வயசு. பத்து வருஷம் தாங்குமா என்றால், போர்த்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குன்னூரில் இருக்கும் அக்கா தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறாள். அந்தக் குளிருக்கு ஃபிளானல் கொடுத்தால் திட்டுவாள். பாலியஸ்டர் பேட்டிங்கே வாங்கிவிட்டேன். இந்தத் தடவை தையல் சாக்பீஸால் நாலு இன்ச்சுக்கு ஒரு கோடு போட்ட பிறகுதான் மெஷின் பக்கமே போனேன்.