அமெரிக்க மஸ்டாங், ரீயூனியன் முகவர்: 5-க்கு 2

பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், லெ போர் துறைமுகப் பக்கம் ஒரு இறக்குமதி முகவரை நம்பி அமெரிக்காவில் விற்ற மஸ்டாங் கார் ஒன்றை வரவழைத்தேன், கப்பல் வேலையெல்லாம் சுத்தமாகச் செய்தார்கள், ஆனால் புகை விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானட்டுக்குள் இருப்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ-வின் புகை விதி ஸ்டிக்கர், இங்கே செல்லுவது ஐரோப்பிய விதி. ஐரோப்பிய இணக்கச் சான்று இல்லாத வண்டிக்குத் தனி ஒப்புதல், அதாவது ஆர்டிஐ, வாங்கினால்தான் கார்ட் க்ரீஸ், அதாவது வண்டிப் பதிவுச் சான்று, கிடைக்கும். அப்புறம் பின்பக்கச் சிவப்பு இண்டிகேட்டரையும் ஆரஞ்சாக மாற்றணும். பணம் கட்டும் முன்பே இதைச் சொல்ல வேண்டாமா? மனசே விட்டுப்போச்சு. 30 வருஷத்துக்கு மேற்பட்ட கார் என்றால் கலெக்ஷன் பதிவு, அதாவது பழங்கால வண்டியாகப் பதியும் வழி சுலபம். மற்றவர்கள் ஆர்டிஐ செலவு யார் தலையில் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.