நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்): பத்தாவது முடித்த பிள்ளைகளுக்குச் சரிவருமா?

சரிவரும், தொழிற்பிரிவைப் பார்த்து எடுத்தால். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு.

சறுக்குவது பிரிவுத் தேர்வில்தான். வெல்டர் 1 வருடம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் 2 வருடம். சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று வெல்டர் எடுப்பவர்கள் பிறகு முழிக்கிறார்கள். பத்தாவது தேறி, 2 வருடப் பிரிவை முடித்து, பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தாள்களைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால்தான் பிளஸ் டூவுக்கு இணை. ஐடிஐ சான்றிதழ் மட்டும் போதும் என்று மொழித்தாளை விட்டுவிடாதீர்கள். பிளஸ் டூ கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேயே மாட்டும்.

டிப்ளமோ ஆசை இருந்தால் 2 வருட ஐடிஐயோடு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு கேட்கலாம். அரசு பாலிடெக்னிக்கும் கோணத்திலேயே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஆதாரிலும் பத்தாவது மார்க் ஷீட்டிலும் இனிஷியல் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.